அவன் பாடிய ஆத்தா

மரியராஜ் செத்துப்போன சேதி அவருக்கே டீக்கடையில்தான் தெரிந்தது.

"என்ன மரியராஜு, உசுரோடதான் இருக்கியா? நீ குடிச்சுக் கொடலு வெந்து போய்ச் சேந்துட்டன்னு ஒன் மகன் ஊரு ஊராப் பாடிக்கிட்டுத் திரியிறானேப்பா" என்று மலைச்சாமி போனை நீட்டியதும் கடையே சிரித்தது. மரியராஜ் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அனுமந்தன்பட்டி சர்ச்சில் பங்குப் பேரவைத் துணைத்தலைவர். கொடியேற்றத்தன்று சாமியாருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். பீடிகூட வாயில் வைத்தறியாதவர்.

வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கூப்பிட்டார்.

"ஏ ரீட்டா! எனக்கு நெனவுப் பூசை எப்ப வைக்கிற?"

ரீட்டா அடுப்படியில் அயிரை மீனை உப்புப் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பாட்டு முன்னாலேயே தெரியும். மகன் சகாய பிரவீன் அனுப்பி வைத்ததிலிருந்து அடுப்படி ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பாட்டா அது? மூச்சு விடாமல் கொட்டுகிறான். பின்னால் பறையும் மோட்டார் சத்தமும் கலந்த மாதிரி ஏதோ ஒன்று இடிக்கிறது. கீழே பார்த்தவர்கள் எண்ணிக்கை லட்சத்தில் நின்றது. 'தேனி மண்ணோட குரல்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். 'அண்ணே, எங்க ஆத்தாவ நெனச்சு அழுதுட்டேன்' என்று இன்னொருவர். அதைப் படித்துவிட்டு ரீட்டாவும் அழுதாள். இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் சென்னையில் சுற்றுகிறானே என்று எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியிருப்பாள்!

கேட்கக் கேட்க வார்த்தைகள் தனித்தனியாகப் பிரிந்து வந்தன.

*பந்தலுக்குக் கீழ ஆத்தா கழுத்து வானம் பாத்துச்சு,*
*பாத்துப் பாத்து வானத்தையே மறந்து போச்சு.*
*மருந்து வச்ச நாளெல்லாம் கரண்டியால ஊட்டுனா,*
*மகன் வாயில நஞ்சு படாமக் கைய நீட்டுனா.*

அந்த வரி பிடிபட்ட அன்றைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். ஆத்தா. பிரவீன் அவளை ஒரு நாளும் ஆத்தா என்று கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடம் போன காலத்தில் மம்மி. அப்புறம் அம்மா. அவன் ஆத்தா என்று கூப்பிட்டது ஒரே ஒரு ஆளைத்தான். அது நாகஜோதி.

நாகஜோதி அவர்கள் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவள். கொடியை வெட்டிக் கவாத்து முடிந்ததும் மொட்டு மொட்டாக மருந்து தொட்டு வைப்பது, இலை கிள்ளுவது, கொத்து வெட்டுவது எல்லாம் அவள்தான். பகலெல்லாம் தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு, கழுத்தை அண்ணாந்துகொண்டு செய்கிற வேலை. பிரவீன் தவழும் பிள்ளையாக இருந்தபோது ரீட்டாவுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்காமல் போய், மேலுக்கு முடியாமல், ரொம்ப காலம் கட்டிலோடு கிடந்தாள். அப்போது பிரவீனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனது நாகஜோதி. பந்தல் நிழலில் சேலைத் தொட்டில் கட்டி, தன் மகள் அனுஷ்காவோடு சேர்த்து ஆட்டி வளர்த்தாள். மருந்து வைக்கிற நாளில் எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் நெடி போகாது. அதனால் அன்றைக்கு மட்டும் கரண்டியால் ஊட்டுவாள். அவள் புருஷன்தான் குடித்துக் குடல் வெந்து செத்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பாட்டு இன்னும் முடியவில்லை.

*கொல்லச் சொவத்து மேல குப்புறக் கெடக்கு டம்ளரு,*
*அதத் தொட்ட கைதான் தாயி ஒங் கொத்தத் தொட்டது கேளு.*
*பூசைக்குப் போற தோட்டக்காரி, பூட்டி வச்ச வாசல்காரி…*

அந்த இடம் வரும்போதெல்லாம் ரீட்டா குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் வரி கேட்காது. கொல்லைச் சுவர் மேலே கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை ஜன்னல் வழியே நன்றாகப் பார்க்கலாம். அது அங்கேயேதான் இருந்தது.

*

மரியராஜ் டீக்கடையிலிருந்து வந்து நின்ற அன்றைக்கே அவள் பிரவீனுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டா, அப்பாவ எதுக்குடா கொன்ன? மனுசன் காலையிலருந்து சாப்பிடல."

"அம்மா, அது பாட்டும்மா. சினிமாவுல ஹீரோ செத்தா நெசமாவா சாவுறான்?"

"சினிமாவுல செத்தவன் வீடு வீடாப் போயி நான் செத்தது நெசந்தான்னு பேட்டி குடுக்க மாட்டான். நீ குடுத்திருக்கியே. என் கதை, என் ஆத்தா கதைன்னு சொல்லியிருக்கியே."

அந்தப் பக்கம் பிரவீன் வண்டிச் சத்தத்திலிருந்து ஒதுங்கிப் போய்ப் பேசினான்.

"மொத மொதல்ல மேடை ஏறுன அன்னைக்கு ஒருத்தன் கேட்டான்மா, இது உன் கதையா ப்ரோன்னு. கண்ணுல லைட்டு அடிக்குது, எதிர்ல அத்தனை பேர் நிக்கிறாங்க. ஆமான்னு வாயில வந்துருச்சு. அப்படிக் கை தட்டுனாங்க பாருங்க! அதுக்கப்புறம் எப்படிம்மா இல்லைங்கறது?"

"இல்லைன்னு சொல்றதுக்கு என்னடா? வாய் வலிக்குமா?"

"உங்களுக்குப் புரியாதும்மா. எங்க ராப் பாடுற ஆளுக கிட்ட, பாட்டு சுமாரா இருந்தாக்கூட விட்டுருவாங்க. வாழாததைப் பாடுனா விட மாட்டாங்க. காறித் துப்பிருவாங்க. இப்ப வவ்வால்னு ஒருத்தன் என்னையத் திட்டியே ஒரு பாட்டுப் போட்டிருக்கான். 'தோட்டம் யாரு தோட்டம், பட்டாவுல யாரு பேரு, பட்டினின்னு பாடுறவனே மாடி வீடு யாரு வீடு'ன்னு. எவனோ நம்ம ஊருக்காரன் சொல்லியிருக்கான். அதான் ஒரு சேனல்காரங்க நேர்ல வந்து வீட்டைப் பாக்கணும், அம்மாவைப் பாக்கணும்ன்றாங்க."

"வரட்டும். கறிக்கொழம்பு வச்சுப் போடுறேன்."

"நம்ம வீட்டுக்கு இல்லம்மா." அவன் குரல் இறங்கியது. "ஜோதி ஆத்தா வீட்டுல. நீங்க அங்க கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும். நான்தான் ஜோதி ஆத்தான்னு… இல்ல, பேரெல்லாம் வேணாம். நான்தான் இவன் ஆத்தான்னு. அவ்வளவுதான்."

ரீட்டா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள், வேறு யாரோ பேசுகிறார்களோ என்பதுபோல.

"ஒரே ஒரு தடவைம்மா. இது போச்சுன்னா எல்லாம் போச்சு. சினிமாவுல பாடக் கூப்பிட்டிருக்காங்க. பொய்யன்னு பேராச்சுன்னா ஒருத்தன் கதவு திறக்க மாட்டான். நான் ஊருக்கு வந்து எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு…"

அவன் அழுதான். அவன் அழுது அவள் கேட்டு எத்தனையோ வருஷம். கட்டிலில் கிடந்த காலத்தில் அவன் வாசலில் நின்று கையை நீட்டி அழுவான். அவளால் எழுந்து தூக்க முடியாது. நாகஜோதிதான் வந்து எடுத்துக்கொண்டு போவாள். அந்தக் கடன் தீரவே இல்லை என்று ரீட்டா நினைத்துக்கொள்வாள். இன்னொரு பயமும் இருந்தது, அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. உண்மை வெளியே வந்தால், அந்தத் தோட்டக்காரி யார் என்பதும் கூடவே வெளியே வரும்.

"சரிடா. அழாத" என்றாள்.

மரியராஜிடம் சொன்னபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு நான் எங்கன இருக்கணும்? கல்லறையிலயா?"

"தேனி சந்தைக்குப் போயிட்டு வாங்க."

"போறேன். செத்தவன் எங்கன இருந்தா என்ன. ஆனா ஒண்ணு ரீட்டா, அவன் என்னையக் கொன்னதை நான் பொறுத்துக்கிருவேன். ஒன்னைய அவன் என்ன செஞ்சிருக்கான்னு நீ அந்தப் பாட்டை ஒழுங்காக் கேட்டியா?"

ரீட்டா போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

*

வாய்க்காலைத் தாண்டித் தொகுப்பு வீடுகள். ரீட்டா அந்தத் தெருமுனை வரைக்கும் பல தடவை வந்திருக்கிறாள். வேலைக்கு ஆள் சொல்ல வருவாள், ஸ்கூட்டியில் இருந்தபடியே ஹாரன் அடிப்பாள், நாகஜோதி ஓடி வருவாள். அன்றைக்குத்தான் வண்டியை நிறுத்திவிட்டு வாசல் வரைக்கும் நடந்து போனாள்.

"அடியாத்தி, ரீட்டாம்மாவா! அனுஷ்கா, அந்தச் சேரை எடு. தொடச்சிட்டுப் போடு புள்ள."

அனுஷ்கா உத்தமபாளையத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். சேரை எடுத்துப் போட்டாள். துடைக்கவில்லை. ரீட்டா வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்தும் வியர்த்தது.

நாகஜோதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பாட்டா? இவ போட்டுக் காட்டுனா. எனக்குப் பாதி வெளங்கல ரீட்டாம்மா. நாய் தொரத்துனா மாதிரில்ல பாடுறான். மூச்சு முட்டிச் செத்துக் கித்துப் போயிராம, பாத்துப் பாடச் சொல்லுங்க."

"எனக்கு முழுசா வெளங்குச்சு" என்றாள் அனுஷ்கா.

"நீ சும்மா இரு."

"இருக்கேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். எங்க ஆத்தா பேரச் சொல்லிப் பாடியிருந்தா நான் அதை ரிங்டோனா வச்சிருப்பேன். கடைக்கு வர்றவக எல்லார்கிட்டயும் இது எங்க ஆத்தாடான்னு சொல்லியிருப்பேன். இப்ப எங்க கடைப் பயலுகளே அந்தப் பாட்டை வச்சிருக்கானுக. நான் வாயைத் தொறக்க முடியல. எங்கப்பன் செத்ததைக்கூட எடுத்துக்கிட்டான். அதையாச்சும் எங்களுக்கு விட்டு வச்சிருக்கலாம்ல?"

"ஏ புள்ள, போதும்டி" என்று அதட்டினாள் நாகஜோதி. "ஒங்கப்பன் செத்ததை வச்சு நம்ம என்னத்தக் கண்டோம்? அவனாச்சும் மேல வரட்டும். எந்தம்பிதான கேக்குறான்." பிறகு ரீட்டாவிடம் திரும்பினாள். "வீடு இங்கனதான் இருக்கு, எங்க போயிரப் போகுது? வந்து எடுத்துக்கிரச் சொல்லுங்க. நான் வெள்ளையடிக்கணுமா?"

"வேணாம், வேணாம். இப்படியே இருக்கணுமாம்" என்றாள் ரீட்டா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

'அந்த டம்ளர் வரி உனக்கு வெளங்குச்சா நாகஜோதி?' கேட்கத்தான் நினைத்தாள். காபி வருவதற்குள் எழுந்துவிட்டாள். குடிக்காமல் போகிறாளே என்று நாகஜோதி என்ன நினைத்திருப்பாள் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பிப் போகவில்லை.

*

சேனல்காரர்கள் பெரிய காரில் நாகஜோதி வீட்டுக்கு வந்தார்கள். பேட்டி எடுக்கிற பையன் பெயர் விஜய்ராஜ். தாடியும் காதில் கடுக்கனுமாக இருந்தாலும் மரியாதையான பையன், ரீட்டாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கூட ஒரு கேமராக்காரர், ஒரு டிரைவர். பிரவீன் கறுப்புச் சட்டையும் கழுத்தில் கவரிங் சங்கிலியுமாக இறங்கினான். கேமரா திரும்பியதுமே அவன் பேச்சு மாறிவிட்டது. வீட்டில் ஒரு நாளும் பேசாத கெட்டியான ஊர்ப்பேச்சு.

"இங்கனதாண்ணே நான் பொறந்தது. இந்தா நிக்கிதுல்ல, இதான் எங்காத்தா."

முதன்முதலாக அவன் அவளை ஆத்தா என்றது அப்போதுதான். யாரோ பின்னாலிருந்து வேறொருத்தியைக் கூப்பிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

முதலில் தோட்டத்தில் எடுக்க வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் கவாத்து முடிந்து பந்தல் மொட்டையாகக் கிடந்தது. கம்பியும் குச்சியும் மேலே வெறும் வானமும்தான்.

"பழம் தொங்கும்னு நினைச்சேனே?" என்றான் விஜய்ராஜ்.

"பழத்துக்கு இன்னும் மாசக் கணக்கு கெடக்குது தம்பி."

கடைசியில் மலைச்சாமியின் தோட்டத்தில் காய் கறுத்திருக்கிறது என்று அங்கே போனார்கள். மலைச்சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, பிரவீன் காதில் விழுகிற மாதிரி, "ஏலே கூலிக்காரப் பயலே, கொத்தை இடிச்சிராத. ஒங்கப்பன் ஆவி வந்து கேக்கும்" என்றான். பிரவீன் சிரிக்கவில்லை. விஜய்ராஜ் அதை ஏதோ கிராமத்து நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டான்.

பிறகு நாகஜோதி வீடு. ரீட்டா நாகஜோதியின் நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். பந்தலில் அண்ணாந்து நின்று நின்று தோள் பக்கம் நைந்து போன சேலை. மருந்தும் வியர்வையுமாக ஒரு நெடி. சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி பர்சில். உள்ளே ஒரே அறை. மூலையில் கேஸ் அடுப்பு, கொடியில் துணி, சுவரில் சுருளி அருவிப் படம் போட்ட காலண்டர். கேமராவுக்கு இடைஞ்சல் என்று அனுஷ்காவின் மேக்கப் கண்ணாடியையும் டிவியையும் தூக்கி வெளியே வைத்திருந்தார்கள். நாகஜோதி வாசலில் நின்றாள். அனுஷ்கா வேலைக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாளாம்.

"அம்மா, அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் கேமராக்காரர். "பாட்டுல வருதுல்ல, நஞ்சு படாமக் கைய நீட்டுனான்னு. அதைக் கிட்டக்க எடுத்துக்கிறேன்."

ரீட்டா நீட்டினாள். கேமராக்காரர் பார்த்தார். மோதிரம் கிடந்த இடம் வெளுத்து வளையமாகத் தெரிந்தது. நகமெல்லாம் சுத்தம். பிரவீன் குறுக்கே வந்தான்.

"ஆத்தாவுக்குக் கை நடுங்குதுண்ணே. எங்க சித்தி நிக்கிறாங்க, அவங்க கையை எடுத்துக்கோங்க. ஒரே வேலைதான ரெண்டு பேரும்."

சித்தி! தன் சொந்த வீட்டு வாசலில் நின்றவள் சித்தியாகிப் போனாள். நாகஜோதி ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு, "வாரேன் சாமி" என்று உள்ளே வந்து ரீட்டாவுக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, மறுபடி வளர்ந்து, மறுபடி உரிந்து, மெழுகு மாதிரி இருந்தது. வெட்டுக் காயங்களில் கறுப்பு ஏறியிருந்தது.

"சூப்பர்மா, அப்படியே திருப்புங்க. கொஞ்சம் மேல."

ரீட்டாவின் முகம். அதற்குக் கீழே நாகஜோதியின் கை. நாகஜோதி மெதுவாக, "மூஞ்சி ஒங்களுக்கு, கை எனக்கு. கூலியைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிருவமா?" என்று கேட்டுச் சிரித்தாள். ரீட்டாவும் சிரிக்கப் பார்த்தாள்.

கை எடுத்து முடிந்ததும் நாகஜோதி மறுபடி வாசலுக்குப் போய்விட்டாள். விஜய்ராஜ் தரையில் சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தான். பிரவீன் சின்னப் பிள்ளையில் எப்படி, என்ன சாப்பிடுவான், எப்போது பாட ஆரம்பித்தான் என்று கேட்டான். அதெல்லாம் ரீட்டாவுக்கு எளிதாக இருந்தது. அவள் பெற்ற பிள்ளைதானே.

"பாட்டுல ஒரு தோட்டக்காரம்மா வர்றாங்களே. அவங்க எப்படிம்மா?"

பிரவீன் நிமிர்ந்தான். இந்தக் கேள்வியை அவனும் எதிர்பார்க்கவில்லை.

"நல்ல பொம்பளதான்ப்பா" என்றாள் ரீட்டா. "பூசைக்குத் தவறாமப் போவா. பெருநாளைக்கு வேலைக்காரிக்குச் சேலை எடுத்துக் குடுப்பா. நல்ல சேலையாத்தான் எடுப்பா. கொல்லப்பக்கமா வரச் சொல்லிக் குடுப்பா."

"அந்த டம்ளர்?"

வாசலில் நாகஜோதி நிற்கிறாள் என்று ரீட்டாவுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

"சொவத்து மேல குப்புறக் கெடக்கும். வெயில்ல கெடந்து சுடும். ஊத்திக் குடிக்கிறவ முந்தானையால பிடிச்சுத்தான் குடிப்பா. மாமியா காலத்துல வச்சது. மாமியா போன பெறகு எடுத்து உள்ள வச்சிருக்கலாம். ஒரு நா ஆகாது, எடுத்து வைக்க. வைக்கல."

"ஏம்மா வைக்கல?"

"யாரும் கேக்கல. கேக்கலைன்னதும் அது பாட்டுக்கு இருந்துச்சு. தெனம் ஜன்னல் வழியாப் பாக்குறதுதான். பாத்துப் பாத்துக் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. தான் படுக்கையில கெடந்தப்ப தன் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயி ஒரு வாய் ஊட்டி வளத்தாளே, அவளுக்கு உள்ள கூப்பிட்டு ஒரு வாய் காபி…"

"யார் பிள்ளைய?" என்றான் விஜய்ராஜ்.

"அம்மா!" என்றான் பிரவீன். அவசரத்தில் ஆத்தா வரவில்லை. "அம்மா, கொஞ்சம் தண்ணி குடிங்க. அண்ணே, அவங்க எமோஷனலா இருக்காங்க, கட் பண்ணிருங்க."

ரீட்டா மடியில் கிடந்த தன் வெறும் கையைப் பார்த்தாள்.

"என் புள்ளைய" என்றாள். "அந்தத் தோட்டக்காரி நான்தான்ப்பா. இது நாகஜோதி வீடு. நீ எடுத்த கையும் அவளோடதுதான். எம்புள்ள பாடுனது பூராம் நெசம். ஆளுதான் மாறிப்போச்சு."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கேமராக்காரர் மெதுவாக நிமிர்ந்து விஜய்ராஜைப் பார்த்தார். விஜய்ராஜ் பிரவீனைப் பார்த்தான்.

"ப்ரோ?"

பிரவீன் சங்கிலியைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றான்.

"உங்களை நம்பித்தான ப்ரோ வந்தோம்" என்று மட்டும் சொன்னான் விஜய்ராஜ். திட்டவில்லை, சத்தம் போடவில்லை. வயரைச் சுற்றி வைத்துக்கொண்டு, "இதை என்ன செய்யறதுன்னு ஆபீஸ்ல பேசணும். தெருமுனையில டீ குடிச்சிட்டு இருக்கோம். கார் வேணும்னா எடுத்துக்கோங்க" என்று கேமராக்காரரோடு வெளியே போனான். போகும்போது ரீட்டாவின் காலைத் தொடவில்லை.

"ஒரு நிமிசம்" என்றான் பிரவீன். முகம் வெளிறியிருந்தது. "ஒரே ஒரு நிமிசம் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா முடிஞ்சிருக்கும். எதிரிகூட இப்படிச் செய்ய மாட்டான்மா." அவனும் போய்க் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டான்.

உள்ளே ரீட்டாவும் நாகஜோதியும் மட்டும். ரீட்டாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை போனது போனதுதான், ஆனால் நெஞ்சில் இத்தனை வருஷமாக அடைத்திருந்தது ஒன்று இறங்கிய மாதிரியும் இருந்தது. நாகஜோதி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள், ரெண்டு பேரும் அழலாம் என்று அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தது உண்மை.

நாகஜோதி கையைப் பிடிக்கவில்லை. வெளியே கிடந்த டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் இடத்தில் வைத்தாள்.

"நான் கேட்டனா?" என்றாள்.

"நாகஜோதி…"

"இல்ல, கேக்குறேன். நான் ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னனா? அவன் பாடுனதுல எனக்கும் வருத்தம் இருந்துச்சு. அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நான் பாத்துக்கிருவேன். நான் வளத்த புள்ள வந்து என் வீட்டைக் கேட்டான், என் கையைக் கேட்டான். குடுத்தேன். குடுக்கணும்னுதான் குடுத்தேன். எங்கிட்டயும் ஒருத்தருக்குக் குடுக்குறதுக்கு ஒண்ணு இருக்குதுன்னு மனசுக்கு நல்லா இருந்துச்சு ரீட்டாம்மா. நான் குடுத்ததை எம்முன்னாடியே பிடுங்கி வெளிய எறிஞ்சுட்டீகளே."

"எனக்குத் தாங்கல நாகஜோதி. அதான்…"

"ஒங்களுக்குத் தாங்கல. சரி. டம்ளரைப் பத்தி எங்கிட்ட ஒரு நா, ஒரே ஒரு நா பேசியிருக்கீகளா? இன்னைக்கு வந்த சென்னைக்காரப் பயகிட்டப் பேசுறீக. என்னைய வாசல்ல நிக்க வச்சுக்கிட்டுப் பேசுறீக. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னா ஒங்க கோயில்ல போயிப் பண்ணுங்க. அதுக்குன்னு ஆளு உக்காந்திருக்காரு. என் வீட்டுக்குள்ள எதுக்கு?"

அவள் கத்தவில்லை. சந்தையில் காய் விலை சொல்கிற குரலில் சொன்னாள். ரீட்டாவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. கேமராவுக்கு முன்னால் தன்னைத் தானே அறைந்துகொண்டதில் ஒரு பெருமை இருந்திருக்கிறது. அது இப்போதுதான் தெரிந்தது.

"எந்திரிங்க. நான் உலை வைக்கணும்."

ரீட்டா எழுந்தாள். சேலையை மாற்ற, பிளக்ஸ் பேனர் கட்டிய குளியல் மறைவுக்குப் போனாள். தன் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு, நீலச் சேலையை மடித்துக் கையில் வைத்தபடி வந்தாள்.

"தொவச்சுத் தந்துர்றேன்."

"வேணாம். நாளைக்கு வேலைக்குக் கட்டணும்." நாகஜோதி வாங்கி, உதறி, தன் மாதிரியாக மறுபடி மடித்தாள்.

நாளைக்கு வருவியா என்று கேட்க ரீட்டா வாயெடுத்தாள். நாகஜோதியே சொன்னாள்.

"மொட்டுக்கு மருந்து வைக்கணும்ல. வருவேன். எனக்கும் சோறு வேணும். தோட்டத்தோட வந்துட்டுத் தோட்டத்தோட போயிருவேன். வீட்டுப் பக்கம் வர மாட்டேன்." அடுப்பைப் பற்ற வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே, "தம்பி சாப்பிடாம ஒக்காந்திருப்பான். கூட்டிட்டுப் போயி எதாச்சும் போடுங்க" என்றாள்.

தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள், சைக்கிளை நிறுத்தியவர்கள். "என்ன ரீட்டாம்மா, படம் எப்ப வருது? எங்களையும் காட்டுவாகளா?" என்று யாரோ கேட்டார்கள். ரீட்டா தலையைக் குனிந்துகொண்டு நடந்து காரின் பின் கதவைத் திறந்து ஏறினாள். பிரவீன் முன் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒன்றும் ஓடவில்லை.

டிரைவர் சென்னைப் பையன். வண்டி நின்ற இடத்திலெல்லாம் காரிலேயே தூங்கிக்கொண்டிருந்தவன். கண்ணைக் கசக்கிக்கொண்டு கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"எங்கம்மா போகணும்?"

"வீட்டுக்குப்பா."

அவன் திரும்பி, தொகுப்பு வீட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "இதானம்மா உங்க வீடு?"

பிரவீன் சொல்லுவான் என்று ரீட்டா காத்திருந்தாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழாயடியில் பேச்சு நின்றிருந்தது. காரின் கண்ணாடி இறங்கியே இருந்தது.

"இல்லப்பா" என்றாள் ரீட்டா. "வாய்க்காலைத் தாண்டி நேராப் போ. கோயிலுக்கு எதுத்தாப்புல, கார் ஷெட்டு வச்ச மாடி வீடு. பச்சைக் கேட்டு."